நான்கு பேர் குடிக்கும் வீட்டுக்கு எந்தக் காபி இயந்திரம் பொருந்தும்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு ஒரு காபி இயந்திரம் வாங்கலாம் என்று இரண்டு மாதங்களாக விவரம் சேகரித்து வருகிறேன். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. ஆகவே எங்கள் வீட்டு நிலைமையை உள்ளபடி சொல்லி அனுபவம் உள்ளவர்களிடம் யோசனை கேட்கிறேன்.

வீட்டில் பெரியவர்கள் நான்கு பேர், எட்டு மாதக் குழந்தை ஒன்று. நால்வரும் காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் ஆளுக்கு ஒரு கோப்பையாவது குடிப்போம். அம்மாவும் என் மனைவியும் பால் சேர்த்துக் குடிப்பார்கள். அப்பாவுக்கும் எனக்கும் பாலில்லாத காபிதான் பிடிக்கும். அப்பாவுக்கு 71 வயது. கொலஸ்டிராலுக்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். விரல் மூட்டுகளில் வலி இருப்பதால் எதையும் அழுத்தித் திருகுவது அவருக்குச் சிரமம். ஆனால் வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் அவர்தான் என்பதால், இயந்திரத்தை அவர் தனியாக இயக்க முடிய வேண்டும் என்பது என் முதல் விருப்பம். எனக்கோ வெந்நீரை அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்தி இறக்கும் எஸ்பிரெஸோ மேல் ஆசை உண்டு. அதையும் மறைக்க விரும்பவில்லை.

சமையலறை மேடையில் 42 செ.மீ. அகலம்தான் காலியாக இருக்கிறது; மேலே உள்ள அலமாரிக்கும் மேடைக்கும் இடையே 40 செ.மீ. உயரம். எங்கள் தண்ணீர் உப்புத் தண்ணீர்; கெட்டிலின் அடியில் ஒரு மாதத்திலேயே வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. குழந்தை அடுத்த அறையில் தூங்குகிறது.

மூன்று வகைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்: கொட்டையைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் எல்லாவற்றையும் தானே செய்யும் முழுத் தானியங்கி, தூள் அடைத்த சிறு உறைகளைப் போட்டு இயக்கும் கேப்சூல் இயந்திரம், கைப்பிடி வடிகட்டி உள்ள பம்ப் இயந்திரம். ஒன்றில் 15 பார் (அழுத்தத்தின் அலகு) என்றும் இன்னொன்றில் 19 பார் என்றும் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அழுத்தம் கூடக் கூடக் காபி நன்றாக வருமா? இந்த மூன்றில் எதை நீங்கள் தேர்ந்தெடுப்பீர்கள், ஏன்?

மறுமொழி 1

வணக்கம். இத்தகைய இயந்திரங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். அதனால் என் பார்வை, வாங்கும் நாளை விட மூன்றாவது ஆண்டையே அதிகம் நினைக்கும் பார்வையாக இருக்கும்.

முதலில் அழுத்தம். எஸ்பிரெஸோவுக்குத் தேவையானது காபித்தூளின் மேல் ஏறத்தாழ 9 பார். இந்த அளவு விளம்பரத்துக்காகப் பிறந்ததன்று. 1901-இல் லூயிஜி பெட்சேரா காப்புரிமை பெற்ற இயந்திரம் நீராவியால் தள்ளியது. அதில் அழுத்தம் இரண்டு பாரை எட்டுவதே அரிது. 1940-களின் இறுதியில் அக்கிலே காஜியாவின் நெம்புகோல் இயந்திரம் வந்த பிறகுதான், வில்சுருளின் விசையால் அழுத்தம் பல மடங்கு கூடி, கோப்பையின் மேல் பொன்னிற நுரை படியத் தொடங்கியது. 1961-இல் ஃபேமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் அந்த வேலையை மின்பம்பிடம் ஒப்படைத்தது. 9 பார் என்பது வழக்கமாக நிலைத்தது. வீட்டு இயந்திரங்களில் இருக்கும் சிறிய அதிர்வுப் பம்ப், தண்ணீர் எங்கும் போக வழியில்லாமல் அடைபட்டு நிற்கும்போது தரக்கூடிய உச்ச அழுத்தத்தைத்தான் 15 என்றும் 19 என்றும் எழுதுகிறார்கள். காபி இறங்கும்போது உண்மையில் எவ்வளவு அழுத்தம் என்பதைத் தூளின் நைப்பும் (எவ்வளவு பொடியாக அரைத்தது என்பதும்), இயந்திரத்துக்குள் இருக்கும் அழுத்தத் தளர்வு வால்வும் முடிவு செய்கின்றன. ஆகவே 15-ஐயும் 19-ஐயும் ஒப்பிட்டு நேரம் செலவிட வேண்டாம். பம்பே இல்லாமல் நீராவியால் மட்டும் தள்ளும் சிறிய இயந்திரங்களும் ‘எஸ்பிரெஸோ’ என்ற பெயரில் விற்கப்படுகின்றன. அவற்றை மட்டும் அடையாளம் கண்டு தவிர்த்துவிடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் கடிதத்திலேயே இருக்கும் பெரிய செய்தி: உங்கள் தண்ணீர். என்னிடம் பழுதுக்கு வரும் இயந்திரங்களில் மிகுதியானவை சுண்ணாம்புப் படிவால் அடைபட்டவைதான். வெப்பக் குழாயின் உட்சுவரில் படிவு ஏறினால் வெப்பம் தண்ணீருக்குச் சேராது. தண்ணீர் ஆறிப்போய்க் காபி புளிக்கும். பிறகு பம்ப் திணறும். கடைசியில் துண்டு துண்டாகப் பெயர்ந்த படிவு வால்வில் சிக்கி எல்லாமே நின்றுபோகும். எந்த இயந்திரம் வாங்கினாலும், அதற்கு முன் கடினத்தன்மையைச் சோதிக்கும் காகிதப் பட்டை ஒன்றை வாங்கி அளந்து பாருங்கள். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் என்றால் கடினநீர்; 180-ஐத் தாண்டினால் மிகக் கடினநீர். அப்படியானால் உப்பைக் குறைக்கும் வடிகுடுவையில் ஊற்றி வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். அதற்காக உப்பே இல்லாத காய்ச்சி வடித்த நீரை ஊற்றிவிடாதீர்கள்: காபி சப்பென்று இருக்கும், பாய்லரில் நீர்மட்டத்தை மின்கடத்தல் வழியாக உணரும் இயந்திரங்களுக்கு அதில் தண்ணீர் இருப்பதே தெரியாது.

முழுத் தானியங்கியைப் பற்றி: உங்கள் அப்பா ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் வேலை இருக்கிறது. சக்கை விழும் பெட்டியை இரண்டு நாள் மறந்தால் பூஞ்சை பிடிக்கும். பால் செல்லும் குழாயைத் தினமும் அலச வேண்டும். ஒரு வாரம் விட்டால் அந்த நாற்றத்தை நான் எழுத்தில் விவரிக்க விரும்பவில்லை. வாங்குவதாக இருந்தால், தூளை அழுத்திச் சாறு இறக்கும் பகுதியை வெளியே எடுத்துக் குழாயடியில் கழுவும் வசதி உள்ள இயந்திரமா என்று பாருங்கள். அது உள்ளேயே பொருத்தப்பட்டிருந்தால் மாத்திரை போட்டுத்தான் சுத்தம் செய்ய முடியும். மாத்திரை எல்லா மூலைக்கும் போவதில்லை என்பதைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எண்ணெய் வழியும் அளவுக்குக் கருக வறுத்த கொட்டைகளையும், சர்க்கரை பூசி வறுத்தவற்றையும் அதன் அரவைப் பகுதியில் போடவே கூடாது. மேல்மூடியைத் திறந்து கொட்டை நிரப்ப வேண்டும் என்பதால், இயந்திரத்தின் உயரத்துடன் இன்னும் 15 செ.மீ. சேர்த்துக் கணக்கிடுங்கள், உங்கள் 40 செ.மீ. இடைவெளிக்குள் பல இயந்திரங்கள் நுழையும், ஆனால் நுழைந்த பின் மூடி திறக்காது.

கேப்சூலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். சத்தம் குறைவு, சுத்தம் எளிது, பழுதும் குறைவு. ஒரு சிறிய கேப்சூலில் 5 அல்லது 6 கிராம் தூள்தான் இருக்கும். பெரிய கோப்பைக்கு அதையே நீட்டினால் நீர்த்த கசப்புதான் மிஞ்சும். நான்கு பேர் வீட்டில் ஒரு நாளைக்கு ஆறு ஏழு உறைகள் குப்பைக்குப் போகும். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

மறுமொழி 2

மேலே எழுதியவர் சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன். ஆனால் கைப்பிடி வடிகட்டி உள்ள பம்ப் இயந்திரத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக அத்தகைய இயந்திரத்தைத்தான் வைத்திருக்கிறேன். காலையில் நான் மிகவும் எதிர்பார்க்கும் பத்து நிமிடங்கள் அவை.

நான் முதலில் செய்த பிழையை நீங்கள் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கையிலிருந்த பணம் முழுவதையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பொட்டலத் தூளை வாங்கி நிரப்பினேன். சாறு 10 விநாடியில் கொட்டிவிட்டது. வாயில் வைக்க முடியாத புளிப்பு. இயந்திரத்தில்தான் குறை என்று நினைத்து இரண்டு மாதம் அதனோடு போராடினேன். குறை தூளில் இருந்தது. எஸ்பிரெஸோவில் 9 பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது தூளின் படுகைதான். அந்தப் படுகை எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதை அரவை தீர்மானிக்கிறது. சுழலும் கத்தி உள்ள அரவை இயந்திரம் கொட்டையைக் கண்டபடி நறுக்கும். பாதி மாவாகவும் பாதி குருணையாகவும் வரும். பல்வெட்டிய இரண்டு சக்கரங்களுக்கு நடுவே கொட்டையை நொறுக்கும் இயந்திரம்தான் ஒரே சீராக அரைக்கும். சக்கரங்களின் இடைவெளியை நகர்த்தி நைப்பை மாற்றவும் முடியும். எனவே பணத்தைப் பங்கிடும்போது அரவைக்கு இயந்திரத்துக்குச் சமமான பங்கு கொடுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

அது கைக்கு வந்த பிறகு கணக்கு எளிது. 18 கிராம் தூள், அதிலிருந்து 36 கிராம் சாறு, 25 முதல் 30 விநாடிக்குள். அதற்கு முன்பே இறங்கிப் புளித்தால் அரவையை நைப்பாக்குங்கள். 40 விநாடிக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கிக் கசந்தால் சற்றுப் பருமனாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இதற்கு 0.1 கிராம் வரை காட்டும் சிறிய தராசு கட்டாயம் தேவை. அது இல்லாமல் கண்ணளவில் கற்றுக்கொள்ள முயன்றதில் என் நேரம் மிகவும் வீணானது.

பொட்டலத் தூளையே பயன்படுத்துவதாக இருந்தால் இரட்டைச் சுவர் வடிகட்டி என்ற ஒன்று பெட்டியோடு வரும். அதன் அடியில் ஒரே ஒரு நுண்துளை இருப்பதால் தூள் எப்படி இருந்தாலும் அழுத்தம் கிடைத்து நுரையும் வரும். ஆனால் அந்த நுரை துளையால் உண்டாவது. சுவையை அது திருத்தாது.

வெப்பமூட்டும் முறையையும் பாருங்கள். தெர்மோபிளாக் (தண்ணீர் ஓடும்போதே அதைச் சூடாக்கும் உலோகக் கட்டி) உள்ளவை ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். ஒற்றைப் பாய்லர் உள்ளவற்றில் காபிக்கு 90 முதல் 96 டிகிரி செல்சியஸ், நீராவிக்கு அதைவிடப் பல பத்து டிகிரி அதிகம் என்பதால், காபி இறக்கிய பின் பால் நுரைக்கக் காத்திருக்க வேண்டும். அடுத்த காபிக்கு முன் மறுபடி ஆற விட வேண்டும். இரண்டு பாய்லர் உள்ளவை இந்தத் தொல்லையைத் தீர்க்கும், ஆனால் இடத்தை அடைக்கும். உங்கள் வீட்டில் பாலோடு இரண்டு, பாலில்லாமல் இரண்டு என்றால், ஒற்றைப் பாய்லரில் கைப்பழக்கம் வந்த பிறகும் 15 முதல் 20 நிமிடம் ஆகும். பாலை 60 முதல் 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். 70-ஐத் தாண்டினால் அதன் இயல்பான இனிப்பு மங்கிக் காய்ச்சிய பாலின் மணம் மேலெழும்.

கைப்பிடியை இறுக்கித் திருகுவது உங்கள் அப்பாவால் முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. அவருக்கு நீங்கள் எழுந்து போட்டுக் கொடுக்கலாமே என்றுதான் நினைக்கிறேன்.

மறுமொழி 3

கேட்டவர் கொடுத்த விவரங்களில் ஒன்றை இதுவரை யாரும் தொடவில்லை. அப்பாவுக்குக் கொலஸ்டிரால் மாத்திரை என்று எழுதியிருக்கிறார். காபிக்கொட்டையின் எண்ணெயில் காஃபெஸ்டால், காவியால் என்ற இரண்டு பொருள்கள் இருக்கின்றன. இவை இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தக்கூடியவை. காகித வடிதாள் இவற்றில் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்திவிடும், உலோகச் சல்லடை அப்படி நிறுத்துவதில்லை. தூளோடு கொதிக்கவைத்த காபியிலும், உலோகச் சல்லடையை அமுக்கி எடுக்கும் காபியிலும் இவை மிகுதி, எஸ்பிரெஸோ இடைப்பட்டது, காகிதத்தில் வடித்ததில் மிகக் குறைவு. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மூன்று வகைகளில் முழுத் தானியங்கியிலும் கைப்பிடி இயந்திரத்திலும் பொதுவாக வடிதாள் கிடையாது. என் தாயாருக்காக நான் இயந்திரத்தை மாற்றியபோது இதுதான் காரணம். உங்கள் அப்பாவின் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஆகவே நீங்கள் பட்டியலில் சேர்க்காத நான்காவது வகையைப் பரிந்துரைக்கிறேன்: காகித வடிதாளில் போட்ட தூளின் மேல் வெந்நீர் சொட்டி வடியும் டிரிப் இயந்திரம். மெலிட்டா பென்ட்ஸ் என்ற பெண்மணி 1908-இல் பதிவு செய்த வடிதாளின் கொள்கைதான் இன்றும் அதில் வேலை செய்கிறது. தண்ணீரை ஊற்றி, தூளைப் போட்டு, விசையைத் தட்டினால் போதும். திருக வேண்டியதோ அழுத்த வேண்டியதோ இல்லை. நான்கு கோப்பையும் ஒரே முறையில் வரும். தண்ணீர் குமிழிடும் ஓசை தவிர வேறு சத்தம் இல்லை.

வாங்கும்போது வாட் அளவைப் பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து 93 டிகிரிக்குக் கொண்டுவர ஏறத்தாழ 305 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். 1400 வாட் இயந்திரம் அதை நான்கு நிமிடத்துக்குள் செய்யும்; 700 வாட் இயந்திரத்துக்கு ஏழு நிமிடத்துக்கு மேல் ஆகும், தூள் அதிக நேரம் ஊறிக் கசக்கும். அடுத்தது குடுவை. கண்ணாடிக் குடுவைக்கு அடியில் சூட்டுத் தட்டு இருந்தால் அரை மணி நேரத்தில் காபி கசந்துவிடும். ஆறு மணிக்கு அப்பா போட்டதை ஏழு மணிக்கு மனைவி குடிக்க வேண்டும் என்றால் ஃபிளாஸ்க் போன்ற வெப்பம் காக்கும் குடுவை உள்ளதையே வாங்குங்கள். சில இயந்திரங்களோடு நிரந்தரச் சல்லடை ஒன்று கொடுப்பார்கள். அப்பாவுக்காக அதை எடுத்து வைத்துவிட்டுக் காகிதத்தையே பயன்படுத்துங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கொலஸ்டிரால் பற்றிய செய்தி எனக்கு முற்றிலும் புதிது. அப்பாவிடம் சொன்னபோது, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது தாமே கேட்பதாகச் சொன்னார். இரண்டாவது மறுமொழி எழுதிய நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். நான் எழுந்து போட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் வீடு உறங்கும்போது தம் காபியைத் தாமே போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்வதுதான் அப்பாவுக்குப் பிடித்தமானது. அதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை.

தண்ணீரை அளந்து பார்த்தேன். பட்டை 200-க்கு மேல் காட்டியது. எனக்கு இரண்டு ஐயங்கள். டிரிப் காபியில் பால் சேர்த்தால் அம்மாவுக்கும் மனைவிக்கும் அது நீர்த்துப் போகாதா? இந்தத் தண்ணீருக்கு டிரிப் இயந்திரம் தாங்குமா?

மறுமொழி 1

நண்பர் டிரிப் இயந்திரத்தைச் சொன்னதும், இதை நானே முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது. பழுதுக்கு வரும் பொருள்களையே பார்த்துப் பழகியதால், அரிதாகவே பழுதாகும் ஒன்று என் நினைவுக்கு வரவில்லை போலும். அதில் பம்பும் இல்லை, அழுத்தமும் இல்லை; வெப்பக் குழாயில் தண்ணீர் கொதித்து எழும் விசையே அதை மேலே தள்ளுகிறது.

பாலுக்கு: வழக்கமான அளவு லிட்டருக்கு 55 முதல் 60 கிராம் தூள். பால் சேர்ப்பவர்களுக்கு 70 முதல் 75 கிராம் வரை கூட்டிப் போடலாம். உங்களுக்கும் அப்பாவுக்கும் அடர்த்தி அதிகமாக இருந்தால் கோப்பையில் வெந்நீர் சிறிது சேர்த்துக்கொள்ளுங்கள். சூடான பாலை நுரைக்கத் தனியாக விற்கும் சிறு நுரைப்பான் போதும். அதைக் கழுவுவது நீராவிக் குழாயைக் கழுவுவதை விட எளிது.

தண்ணீருக்கு: 200-க்கு மேல் என்றால் டிரிப் இயந்திரத்திலும் படிவு ஏறத்தான் செய்யும். வடிகுடுவைத் தண்ணீரையே ஊற்றினாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் அமிலம் கரைத்த நீரை ஓடவிடுங்கள். எவ்வளவு கரைப்பது என்பதற்கு இயந்திரத்தோடு வரும் கையேட்டையே பின்பற்றுங்கள். பிறகு வெறும் தண்ணீரை இரண்டு முறை முழுமையாக ஓடவிட வேண்டும். வழக்கமாக ஐந்து நிமிடத்தில் முடியும் காபிக்கு எட்டு நிமிடம் ஆகிறது என்றால், இரண்டு மாதம் நிறைவதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்

முடிவு செய்துவிட்டோம். 1400 வாட், வெப்பம் காக்கும் குடுவை, காகித வடிதாள் கொண்ட டிரிப் இயந்திரம். அதன் அருகில் சக்கர அரவை இயந்திரம் ஒன்று. இரண்டும் 42 செ.மீ. அகலத்தில் அடங்கும் என்று அட்டையில் வெட்டி வைத்துப் பார்த்துவிட்டேன். அரவைச் சத்தத்துக்காக முந்தைய இரவே அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் மூடி வைப்பதாக அப்பா ஒப்புக்கொண்டிருக்கிறார். மணம் சற்றுக் குறையும் என்று தெரிந்தே செய்கிறோம்.

கடைசியாக ஒன்று. குழந்தை வளர்ந்த பிறகு எனக்கென்று ஒரு சிறிய எஸ்பிரெஸோ இயந்திரம் வாங்கலாம் என்ற ஆசையை விடவில்லை. இப்போது வாங்கும் அரவை இயந்திரம் அதற்கும் உதவுமா?

மறுமொழி 2

அப்பாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நான் சொன்ன யோசனை அந்த இடத்தில் பிழைதான், திரும்பப் பெறுகிறேன்.

அரவை பற்றி: பெரும்பாலும் உதவாது. டிரிப்புக்கான இயந்திரங்களில் நைப்பை மாற்றும் படிகள் ஒவ்வொன்றும் பெரியவை. எஸ்பிரெஸோவில் ஒரு படி மாறினாலே 15 விநாடி 45 விநாடி ஆகிவிடும், நடுவில் நிறுத்த இடமிருக்காது. படியில்லாமல் நகர்த்தக்கூடியவை இரண்டுக்கும் பயன்படும் என்பார்கள். ஆனால் பருமனிலிருந்து நைப்புக்கும் மறுபடி பருமனுக்கும் தினமும் திருப்பினால், ஒவ்வொரு முறையும் உள்ளே தங்கிய பழைய தூள் சில கிராம் வீணாகும், முந்தைய நாள் பிடித்த அளவும் கைவிட்டுப் போகும். அப்பாவின் காபியும் உங்கள் பரிசோதனையில் தினமொரு சுவையாகிவிடும்.

எனவே இப்போது டிரிப்புக்கு நன்றாக அரைக்கும் ஒன்றை வாங்கி, சரியான இடத்தில் ஒரு முறை நிறுத்தி, அதை அப்படியே விட்டுவிடுங்கள். எஸ்பிரெஸோ வரும் நாளில் உங்களுக்கென்று நுண்படிகள் உள்ள கை அரவை ஒன்றைத் தனியாக வாங்குங்கள். 18 கிராம் அரைக்க ஓரிரு நிமிடம் ஆகும். சத்தம் அடுத்த அறைக்குப் போகாது. மேடையில் இடமும் அடைக்காது, இழுப்பறையில் வைத்துவிடலாம்.